கட்டுக்கம்பியும் கல்லுப்பும்

(சாத்தாங்காட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை இரும்பு வியாபாரிகள், தொழிலாளர்கள், தாய்மார்கள் முன் நிகழ்த்திய சொற்பொழிவு. பேச்சின் நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



வாசலிலேயே ஓர் அம்மா என்னை நிறுத்திவிட்டார். "எலும்புக்கும் ஹார்மோனுக்கும் சத்துன்னு போஸ்டர்ல போட்டிருக்கே சார், கடைசியில மாத்திரை ஏதாவது குடுப்பீங்களா?" என்று கேட்டார். இல்லையம்மா. உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனால், ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிற மாத்திரை ஒன்றிரண்டை நிறுத்தலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேட்கத் தோன்றும். அந்தச் செலவு மிச்சம்.

எலும்பைப் பற்றிப் பேச இந்த ஊரைப் போல வசதியான ஊர் வேறு கிடையாது. ஜார்ஜ் டவுன் நெரிசலில் கிடந்த இரும்புக் கடைகளுக்காகச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ. உண்டாக்கிய சந்தை இது. உங்களுக்குக் கம்பியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் ஒரு கணக்கு. கம்பி வாங்க வருகிறவரிடம் எஃப்.இ. 500 வேண்டுமா, 500டி வேண்டுமா என்று கேட்கிறீர்கள். ஐ.எஸ். 1786 தரக்குறிப்பைப் பிரித்தால், 500இல் கந்தகம் 0.055 சதவீதம் வரை இருக்கலாம், பாஸ்பரஸும் அப்படியே. 500டியில் இரண்டுமே 0.040ஐத் தாண்டக்கூடாது. கார்பனிலும் கொஞ்சம் வித்தியாசம் உண்டு, அது இருக்கட்டும். நூறு கிலோ கம்பியில் பாஸ்பரஸ் வித்தியாசம் 15 கிராம். ஒரு கைப்பிடி சர்க்கரை அளவுகூட இல்லை. ஆனால் பாஸ்பரஸ் கூடிப்போன கம்பி வளைக்கும்போது ஒடியும் என்பது கம்பி வளைக்கிற தம்பிக்குத் தெரியும்.

உடம்பும் இந்த மாதிரிக் கணக்கில்தான் ஓடுகிறது. பெரியவர் ஒருவர் உடம்பில் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கும். அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும். இரும்பு 3, 4 கிராம். துத்தநாகம் 2 கிராம். செம்பு ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. அயோடின் 15, 20 மில்லிகிராம். அதிலும் பெரும்பகுதி கழுத்தில் இருக்கிற தைராய்டு சுரப்பிக்குள். நாளொன்றுக்கு 100 மில்லிகிராமுக்கும் குறைவாகத் தேவைப்படுகிற இந்தத் தாதுக்களை நுண்தாது என்கிறோம். டாக்டரும் விளம்பரமும் எலும்பு என்றதும் கால்சியத்தைத்தான் பேசுவார்கள். இன்றைக்கு அந்த ஒரு கிலோவைத் தள்ளி வைத்துவிட்டு, மிச்சமிருக்கிற சில கிராம்களைப் பேசலாம்.

எலும்பு ஆர்.சி.சி. மாதிரி. கால்சியமும் பாஸ்பரஸும் சேர்ந்த படிகம்தான் கான்கிரீட். பாரத்தை அது தாங்கும். உள்ளே கொலாஜன் என்கிற புரத நார் ஓடுகிறது. அது கம்பி, இழுவையை அது தாங்கும். கான்கிரீட் போடும் முன்னால் கம்பிக்கும் கம்பிக்கும் என்ன போட்டு முடுக்குகிறீர்கள்? கட்டுக்கம்பி. எலும்பில் அந்த முடிச்சைப் போடுகிற நொதிக்குச் செம்பு வேண்டும். செம்பு இல்லையென்றால் நார் இருக்கும், முடிச்சு இருக்காது. மாங்கனீசு, நாருக்கு நடுவே இருக்கிற பசைப்பொருள் உருவாக உதவுகிறது. கான்கிரீட் இறுகுகிற இடத்தில் வேலை செய்கிற நொதிக்குத் துத்தநாகம் வேண்டும். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் ஏ.எல்.பி. என்று ஒரு வரி வருமே, அந்த நொதிதான். ஒரு கட்டடத்துக்குக் கட்டுக்கம்பி எத்தனை கிலோ வாங்குவீர்கள்? டன் கணக்கு கம்பிக்குச் சில கிலோ. அது இல்லாமல் தளம் போட்டுப் பாருங்கள்.

துத்தநாகம் என்று சொன்னதும் ஒரு கதை சொல்ல வேண்டும். பீகாரில் பிறந்து பாட்னாவில் படித்து அமெரிக்கா போன ஆனந்த பிரசாத் என்கிற மருத்துவர், 1958இல் ஈரான் நாட்டில் ஷிராஸ் நகரத்துக்கு வேலைக்குப் போனார். அங்கே ஒரு நோயாளி வந்தான். வயது 21. பார்த்தால் பத்து வயதுப் பையன். மீசை இல்லை, குரல் உடையவில்லை, பருவம் அடைந்த அறிகுறி ஒன்றும் இல்லை. கடுமையான ரத்தசோகை வேறு. சாப்பாடு என்னவென்றால் புளிக்காத ரொட்டி; கூடவே மண் தின்னும் பழக்கம். அந்த மாதிரிப் பிள்ளைகள் அந்த ஊரில் பலர் இருந்தார்கள். பிரசாத் இதை 1961இல் எழுதினார். இரும்புக் குறை மட்டும் இருந்தால் வளர்ச்சி இப்படி நிற்காது, துத்தநாகமும் போயிருக்க வேண்டும் என்று சந்தேகப்பட்டார். பிறகு எகிப்துக்குப் போய், அதே மாதிரிப் பையன்களிடம் அதை அளந்து நிரூபித்தார். துத்தநாகம் கொடுத்ததும் ஒரே வருஷத்தில் 5, 6 அங்குலம் வளர்ந்தார்கள். நின்றுபோயிருந்த ஆண் ஹார்மோன் வேலையை ஆரம்பித்தது, பருவம் வந்தது.

மனிதனுக்குத் துத்தநாகக் குறை வரவே வராது, அது எங்கும் இருக்கிறது என்று பெரிய பெரிய நிபுணர்கள் அப்போது சாதித்துக்கொண்டிருந்தார்கள். அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு அது மனிதனுக்கு அவசியம் என்று ஒப்புக்கொண்டது 1974இல். பையன்கள் வளர்ந்து 10 வருஷம் ஆன பிறகு.

அந்த ரொட்டியில் துத்தநாகம் இல்லாமல் இல்லை. தானியத்தில் ஃபைட்டேட் என்று ஒன்று இருக்கிறது. அது இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு குடலில் விடாது. மாவைப் புளிக்க வைத்தால் அந்தப் பிடி தளரும். நம் ஆடி மாதக் கூழை நினைத்துப் பாருங்கள். கேழ்வரகு மாவைக் கரைத்து ஒரு ராத்திரி புளிக்க விட்டுத்தானே மறுநாள் காய்ச்சுகிறோம்? கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் பக்கம் கால்சியம் இருக்கிறது. தொட்டுக்கொள்ள முள்ளோடு வறுத்த நெத்திலி, இல்லையென்றால் கருவாட்டுக் குழம்பு. காசிமேட்டில் இறங்குகிற மீனில் துத்தநாகமும் செலினியமும் அயோடினும் இருக்கின்றன. அம்மன் கோயில் வாசலில் அண்டாவில் ஊற்றுகிற கூழைப் பற்றி ஊட்டச்சத்துப் பேராசிரியர் எவரும் குறை சொல்ல முடியாது. கருவாட்டில் உப்பு கூடுதல் என்று வேண்டுமானால் முணுமுணுக்கலாம்.

இதுவரை குறைவதைப் பற்றிச் சொன்னேன். கூடுவதைப் பற்றிய கதை சென்னையிலிருந்து தொடங்குகிறது.

1930களில் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் விவசாயிகள் ஒன்றைக் கவனித்தார்கள். உழவு மாடுகள் நடக்க முடியாமல் மூட்டு இறுகி நின்றன. அப்புறம் மனிதர்களுக்கும் அப்படியே. முதுகு பலகை மாதிரி விறைத்துப்போய், திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால் முழு உடம்போடு திரும்ப வேண்டிய நிலை. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலிருந்து ஷார்ட், சி.ஜி. பண்டிட், ராகவாச்சாரி ஆகியோர் அங்கே போனார்கள். ராகவாச்சாரி தண்ணீரைச் சோதித்தவர். காரணம் கிணற்றுத் தண்ணீரில் இருந்த ஃப்ளோரைடு. 1937இல் அச்சில் வந்தது அந்த ஆய்வு. அதே ஆண்டு வந்த இன்னொரு கட்டுரையில் பர்னார்டு பெயரும் இருக்கிறது. சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே துறைக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான். இந்தியாவில் ஃப்ளோரைடு நோய் முதலில் கண்டறியப்பட்டது இப்படித்தான். நம் ஊர்ப் பள்ளிப் புத்தகத்தில் இது இருக்க வேண்டும். நான் தேடியவரையில் இல்லை.

ஃப்ளோரைடு என்ன செய்கிறது? எலும்புப் படிகத்தில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறது. படிகம் பெரிதாகிறது, கெட்டியாகிறது. எக்ஸ்ரேயில் முதுகெலும்பு சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளைவெளேரென்று தெரியும். பார்த்தால் பலசாலி எலும்பு. தொட்டால் ஒடிகிற எலும்பு.

1970களின் தொடக்கத்தில் அன்றைய ஆந்திராவின் நல்கொண்டா மாவட்டத்திலிருந்து இன்னொரு செய்தி வந்தது. அங்கே ஃப்ளோரைடு பழைய விருந்தாளிதான். ஆனால் இப்போது வாலிபப் பிள்ளைகளுக்கு முட்டி உள்பக்கம் முட்டிக்கொண்டு கால் வளைய ஆரம்பித்தது; முட்டிக்கால் என்போமே, அது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கிருஷ்ணமாச்சாரியும் கமலா கிருஷ்ணசாமியும் 1973இல் லான்செட் இதழில் இதை எழுதினார்கள்.   

இதே தண்ணீரைப் பாட்டனும் குடித்தான். அவனுக்கு வளையாத கால் பேரனுக்கு ஏன் வளைய வேண்டும்? ஆய்வாளர்கள் சொன்ன விளக்கத்தைக் கேட்டால் தலை சுற்றும். நாகார்ஜுனசாகர் அணை வந்தது. வாய்க்கால் ஓடியது, நிலத்தடி நீர் மட்டம் ஏறியது, மண்ணில் உவர் கூடியது. உவர் மண்ணில் மாலிப்டினம் என்கிற இன்னொரு நுண்தாது செடிக்குள் அதிகமாக ஏறும். அந்த ஜனங்களின் சாப்பாடு சோளம். சேலத்தில் பிறந்த சி. கோபாலன் அந்த நிறுவனத்தின் இயக்குநராக இருந்த காலத்தில், தியோஸ்தலே என்பவரும் அவரும் ஆட்களுக்கு மாலிப்டினம் கூடிய சோளத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரில் செம்பு அதிகமாக வெளியேறியது. செம்பு யார்? கட்டுக்கம்பி. ஒரு பக்கம் ஃப்ளோரைடு கான்கிரீட்டைக் கெடுக்கிறது, இன்னொரு பக்கம் மாலிப்டினம் கட்டுக்கம்பியை உருவிக்கொண்டு போகிறது. வளர்கிற வயதில் கால் வளைந்துவிட்டது.

ஹார்மோன் எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். ஃப்ளோரைடு கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் ரத்தத்தில் கால்சியம் இறங்கப் பார்க்கிறது. கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் நான்கு சின்னச் சுரப்பிகள், பாராதைராய்டு. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் அவை பொறுக்காது. எலும்பைக் கரைத்தாவது கொண்டுவா என்று உத்தரவு போடும். நல்கொண்டா பிள்ளைகளின் ரத்தத்தில் அந்த ஹார்மோன் கூடுதலாக இருந்ததை 1976இல் பதிவு செய்தார்கள். ஆக ஒரே உடம்பில் முதுகு கல்லாகிக்கொண்டிருக்க, கால் கரைந்துகொண்டிருக்கிறது. அணை கட்டின எஞ்சினியருக்கும் இந்தக் காலுக்கும் சம்பந்தம் உண்டு என்று யார் நினைத்திருப்பார்கள்?

இவ்வளவும் தெரிந்த பிறகும் மருத்துவ உலகம் ஒரு காரியம் செய்தது. ஃப்ளோரைடு எலும்பை அடர்த்தியாக்குகிறதே, மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு தேய்கிற பெண்களுக்கு அதையே மருந்தாகக் கொடுத்தால் என்ன என்று யோசித்தார்கள். அமெரிக்காவில் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ரிக்ஸ் குழுவினர் 202 பெண்களை 4 வருஷம் கவனித்து 1990இல் முடிவைச் சொன்னார்கள். ஃப்ளோரைடு சாப்பிட்டவர்களின் இடுப்புப் பகுதி முதுகெலும்பு அடர்த்தி 35 சதவீதம் ஏறியது. ஸ்கேன் எடுத்தவருக்குச் சந்தோஷம். ஆனால் முதுகெலும்பு முறிவு குறிப்பிடும்படி குறையவில்லை. கை கால் எலும்பு முறிவு, மருந்து சாப்பிடாதவர்களைவிட அதிகம். எடை கூடின கம்பி, வளைத்தால் ஒடிகிறது. சந்தையில் இதைக் கேட்டிருந்தால் 4 வருஷம் மிச்சமாகியிருக்கும்.

நம் மாநிலத்தில் இந்தத் துன்பம் தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும். தண்ணீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃப்ளோரைடு ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டின கிணறுகளையே பல தலைமுறை குடித்தது அந்தப் பூமி. காவிரித் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுத்ததுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். 2008இல் அடிக்கல், 2013 மே மாதம் தொடக்கம், செலவு சுமார் 1,928 கோடி ரூபாய், ஜப்பான் கடனுதவி. கட்சிக்காரர்கள் இது யாருடைய திட்டம் என்று இன்னும் சண்டை போடுகிறார்கள், போடட்டும். மில்லிகிராம் கணக்குக் கோளாறு ஒன்றைச் சரிசெய்ய 1,928 கோடி ஆனது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இதை எந்த மாத்திரைக் கம்பெனியும் தீர்த்திருக்க முடியாது.

நம் பக்கத்துக்கு வருவோம். இங்கே நிலத்தடியில் தொல்லை கடல்நீர். மீஞ்சூர் பக்கம் உப்புநீர் உள்ளே புகுந்தது 1960களின் கடைசியிலேயே பதிவாகிவிட்டது. கடல்நீரை வடிகட்டி நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் ஆலை 2010இல் காட்டுப்பள்ளியில் வந்தது. கேன் தண்ணீரும் அப்படி வடிகட்டினதுதான். அதில் தாதுக்கள் குறைவு. அதனால் எலும்பு போய்விடும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம், சாப்பாடு ஒழுங்காக இருந்தால் அது ஈடுகட்டும். ஆனால் தண்ணீரில் கிடைத்துக்கொண்டிருந்த கொஞ்சமும் இப்போது தட்டில்தான் கிடைக்க வேண்டும்.

கடல் பக்கத்திலேயே இருக்கிறோம், நமக்கு அயோடின் குறையாது என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் உண்டு. நானும் படிக்கிற காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அத்திப்பட்டு, வல்லூர் பக்கம் உப்பளங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனால் கடல்நீரில் அயோடின் மிகச் சொற்பம். வெயிலில் காய்ந்து உப்பாகும்போது அதிலும் பெரும்பங்கு தங்குவதில்லை. கல்லுப்பு வெறும் உப்பு. மீன் தின்கிறவருக்குக் கொஞ்சம் கிடைக்கும். மீன் வாங்க முடியாத நாள்களுக்கு?

ஒரு நாளைக்குத் தேவை 150 மைக்ரோகிராம். 70 வருஷம் வாழ்கிறவருக்கு மொத்தக் கணக்குப் போட்டால் 4 கிராம்கூட இல்லை. ஆயுளுக்கும் ஒரு டீஸ்பூன் அயோடின் போதும், மிச்சமும் இருக்கும். ஆனால் மொத்தமாக ஒரே நாளில் விழுங்கி வைத்துக்கொள்ள உடம்பில் அவ்வளவு பெரிய கிடங்கு கிடையாது. தினம் வர வேண்டும். அதனால்தான் உப்பில் போட்டார்கள். பணக்காரனும் ஏழையும் ஏறக்குறைய ஒரே அளவு தின்கிற பண்டம் அது ஒன்றுதான். இமயமலை அடிவாரத்தில் காங்க்ரா பள்ளத்தாக்கில் 1956இல் வி. ராமலிங்கசாமி என்கிற மருத்துவர் தொடங்கிய ஆய்வு, உப்பில் அயோடின் சேர்த்தால் கழுத்துக் கழலை குறைகிறது என்று காட்டியது. 1962இல் தேசியத் திட்டம் வந்தது. அயோடின் இல்லாத உணவு உப்பை விற்கத் தடை, 2000இல் தடை நீக்கம், 2006இல் மறுபடி தடை என்று சட்டம் ஊஞ்சலாடியது. 2018-19இல் நாடு முழுக்கக் கணக்கெடுத்தார்கள். போதிய அயோடின் உள்ள உப்பு நாட்டில் 76.3 சதவீத வீடுகளில் இருந்தது. எந்த மாநிலம் கடைசி? குஜராத்துக்கு அடுத்த வரிசையில் உப்பு விளைவிக்கிற நம் தமிழ்நாடு, 61.9 சதவீதம். தூத்துக்குடியை வைத்துக்கொண்டு இந்த இடம்.

தைராய்டு ஹார்மோன் பொதுவாக எடை, சோர்வு, முடி உதிர்வு என்றே பேசப்படுகிறது. எலும்பு வளர்ச்சிக்கும் அது மேஸ்திரி. பிள்ளைக்கு அது குறைந்தால் எலும்பு வயதுக்கேற்ற வளர்ச்சி பெறாது. பெரியவருக்கு மிஞ்சினால் எலும்பு வேகமாகக் கரையும். அந்த ஹார்மோனில் நான்கு அயோடின் அணுக்கள். உடம்பு அதைப் பயன்படுத்த ஓர் அணுவைக் கழற்றி மூன்றாக்க வேண்டும். கழற்றுகிற நொதிக்குச் செலினியம் தேவை. அயோடினை முதலில் ஹார்மோனில் ஏற்றுகிற நொதிக்கு இரும்பு தேவை. ரத்தசோகை இருக்கிற பெண்ணுக்கு நீங்கள் அயோடின் உப்பு மட்டும் கொடுத்தால் பாதி வேலைதான் நடக்கும். ஐவரி கோஸ்ட் நாட்டில் கழலை இருந்த பிள்ளைகளிடம் இதைச் சோதித்து 2002இல் எழுதினார்கள்: இரும்பும் கொடுத்தபோதுதான் அயோடின் உப்பு நன்றாக வேலை செய்தது.

நம் வீட்டுக் கணக்கு என்ன? 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, 15 முதல் 49 வயதுத் தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது. இந்த மண்டபத்தைச் சுற்றி எத்தனை ஆயிரம் டன் இரும்பு அடுக்கி வைத்திருக்கிறோம்! அதற்கு நடுவே குடியிருக்கிற பெண்களுக்கு 3 கிராம் இரும்பு சேரவில்லை. சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கத்தை மட்டும் ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள் தாயே. டீயின் துவர்ப்பு இரும்பைக் கட்டிப்போடுகிறது. கீரையோடு எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டால் அது அவிழும்.

இரும்பும் அயோடினும் சேர்ந்த உப்பு நம் அரசாங்கமே செய்கிறது. வாலிநோக்கத்தில் உப்பளம் வைத்திருக்கிற தமிழ்நாடு உப்புக் கழகம் 1974இல் தொடங்கினது. 2014 ஜூனில் அம்மா உப்பு என்று மூன்று வகை விட்டபோது இந்த இரட்டைச் செறிவு உப்பு கிலோ 21 ரூபாய். பெயர் யார் வைத்தது என்று பார்க்காதீர்கள், பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

அடுத்து, கேஸ் கட்டிங் செய்கிற தம்பிகளுக்காக ஒரு விஷயம். பெண்கள் இதைக் கேட்டு வீட்டில் சொல்ல வேண்டும்.

தமிழில் ஈயம் என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு உலோகத்தைச் சொல்கிறோம். ரசம் வைக்கிற ஈயச்சொம்பு வெள்ளீயம். அது தீங்கில்லாதது, கலப்படம் இல்லாமல் இருந்தால். நான் சொல்வது காரீயம், லெட். எலும்புக்கு அது சொந்தக்காரன் இல்லை, ஆனால் கால்சியம் என்று நினைத்து எலும்பு உள்ளே விட்டுவிடும். உள்ளே போனால் 10, 20 வருஷம் குடியிருக்கும். பெரியவர் உடம்பில் இருக்கிற காரீயத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எலும்பில்தான். எலும்பு கரைகிற காலத்தில், அதாவது கர்ப்பம், பாலூட்டல், மாதவிடாய் நிற்கிற வயது என்று ஹார்மோன் மாறும் நேரத்தில், அது ரத்தத்துக்கு வெளியே வரும். சின்ன வயதில் சேர்ந்த விஷம் வயிற்றுப் பிள்ளைக்குப் போகிறது. இரும்பும் கால்சியமும் குறைந்த உடம்பு காரீயத்தை அதிகமாக உறிஞ்சும் என்பது இன்னொரு கொடுமை.

பெட்ரோலில் காரீயம் சேர்ப்பது இந்தியா முழுக்க 2000 பிப்ரவரியில் நின்றது. அதற்குப் பிறகும் சென்னையில் 3 முதல் 7 வயதுக் குழந்தைகள் 756 பேரிடம் எடுத்து 2009இல் வெளியான ஆய்வில் ரத்தத்தில் காரீயம் சராசரி டெசிலிட்டருக்கு 11 மைக்ரோகிராம் பக்கம் இருந்தது. அமெரிக்கா இன்று 3.5 தாண்டினாலே விசாரிக்கிறது. வீடுகளுக்கு அடிக்கிற பெயின்டில் காரீயம் 90 பி.பி.எம்.முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி இங்கே நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முன் அடித்த பெயின்ட் எங்கே இருக்கிறது? காயலாங்கடைக்கு வருகிற பழைய இரும்பின் மேல். இன்று கடையில் வாங்குகிற ரெட் ஆக்சைடு வேறு, அது துருவின் சாதி. பழைய கப்பல் தகட்டிலும் பாலத்து இரும்பிலும் அடித்திருந்தது ரெட் லெட். அதன் மேல் டார்ச் வைத்தால் எழுகிற புகையில் காரீயம் இருக்கிறது. வெட்டுகிற கோட்டில் பெயின்டை நனைத்துச் சுரண்டிவிட்டு வெட்டுங்கள்; மூக்கில் துண்டு கட்டினால் போதாது, புகைக்கு உரிய முகமூடி முதலாளி வாங்கித் தர வேண்டும். கை கழுவாமல் பீடி பற்றவைக்காதீர்கள். வேலைச் சட்டையோடு பிள்ளையைத் தூக்காதீர்கள். அந்தச் சட்டையை வீட்டுத் துணியோடு போட்டுத் துவைக்கவும் வேண்டாம்.

மாத்திரை கேட்ட அம்மாவுக்குப் பதில் பாக்கி. "எலும்புக்கும் ஹார்மோனுக்கும்" என்று டப்பாவில் துத்தநாகம், செலினியம், போரான் எல்லாம் வருகிறது. போரானுக்குச் சான்று மிக மெலிது. துத்தநாகம் நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் அளவில் மாதக்கணக்கில் போனால் குடலில் செம்பை உள்ளே விடாது. மறுபடி கட்டுக்கம்பி போயிற்று, ரத்தசோகையும் நரம்புக் கோளாறும் சேரும். டாக்டர் ரத்தம் பார்த்து எழுதிக் கொடுத்தால் சாப்பிடுங்கள். இரும்பு மாத்திரை கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிறார்களே, அதைக் குப்பையில் போடாதீர்கள். பக்கத்து வீட்டு அம்மா சாப்பிட்டு முழங்கால் வலி போச்சு என்று சொன்னால் வாழ்த்திவிட்டு வாருங்கள்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று சொல்லி முடித்துக்கொள்ளலாம் என்றுதான் வீட்டிலிருந்து கிளம்பினேன். பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். அந்தப் பழமொழியில் அளவு எவ்வளவு என்று இல்லையே. அந்த எண்ணைத்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. ஒரு லோடு கம்பி எடுக்கிறவர் பில்லோடு டெஸ்ட் சர்டிபிகேட் கேட்கிறார், நீங்களும் கொடுக்கிறீர்கள். போர் தண்ணீர் குடிக்கிறவர்கள் அதே போலத் தண்ணீரைச் சோதித்து ஃப்ளோரைடு எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று தாளில் வாங்குங்கள். கேன் போடுகிறவரிடமும் கேளுங்கள். கோபித்துக்கொண்டால் ஆளை மாற்றுங்கள்.

உப்புக்கு அந்தச் சிரமமும் இல்லை. இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சிரிக்கும் சூரியன் படம் இருக்கிறதா, செறிவூட்டியது என்றால் பிளஸ் எஃப் முத்திரை இருக்கிறதா, தயாரித்த தேதி என்ன. உங்கள் கைக்கு வரும்போது அயோடின் 15 பி.பி.எம்.முக்குக் குறையக்கூடாது. அடுப்புக்குப் பக்கத்தில் திறந்த ஜாடியில் வைத்தால் அதுவும் இறங்கும். மூடி போட்ட டப்பாவில் வையுங்கள், குழம்பு இறக்கும் நேரத்தில் போடுங்கள். கல்லுப்பு ஊறுகாய்க்கு இருக்கட்டும்.